தென்காசி ஃபார்ம் லேண்ட் சைட் விசிட்: வேன் டிரைவருக்கு 5 ஸ்டார், நிலத்துக்கு ஒன்னரை

எங்கள கூட்டிட்டு போய் நிலம் காட்டுன கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல. இவங்க ஒருத்தர் மட்டும் பண்ற வேலையா இருந்தா சொல்லிருப்பேன், பாவூர்சத்திரத்துல இருந்து சுரண்டை வரைக்கும் ரோட்டோரமா பாத்துட்டே போனீங்கன்னா இதே மாதிரி போர்டு வரிசையா நிக்குது, எல்லாத்துலயும் ஒரே அருவி போட்டோ. அதனால இத ஒரு கம்பெனியோட ரிவியூவா படிக்காம "இலவச சைட் விசிட்"ங்கற சர்வீஸோட ரிவியூவா படிங்க.

எங்க அக்கா அடுத்த வருஷம் ஸ்கூல் வேலைல இருந்து ரிட்டயர் ஆகுறா. கைக்கு வர்ற காசுல ஒரு பத்து சென்ட் வாங்கி நாலு மரம் வச்சு சின்னதா வீடு கட்டிட்டு தாம்பரத்த விட்டே போயிடணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை. அத்தானுக்கு அதெல்லாம் இல்ல, அவருக்கு குற்றாலத்துல குளிச்சா போதும். அக்கா செல்லுல ஒரு வீடியோ வந்துச்சு, "சென்ட் 65 ஆயிரம், சோஹோ ஐடி கம்பெனிக்கு பக்கத்துல, குற்றாலச் சாரல்ல உங்க சொந்த தோட்டம், பத்திரச் செலவு இலவசம், புக் பண்ணா 2 கிராம் தங்கக் காசு"ன்னு. ட்ரெயின் டிக்கெட் மட்டும் நம்ம செலவு, தென்காசி ஸ்டேஷன்ல இறங்குனதுல இருந்து வேன், ரூம், சாப்பாடு எல்லாம் அவங்க செலவு. சரின்னு நான், வீட்டுக்காரி, அக்கா, அத்தான் நாலு பேரும் போன ஆடில பொதிகை எக்ஸ்பிரஸ்ல கெளம்பிட்டோம்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். வேன் சொன்ன நேரத்துக்கு நின்னுச்சு, டிரைவர் உள்ளூர்க்காரர், அவ்ளோ பொறுமை. எங்க வேன்ல மொத்தம் பன்னெண்டு பேரு, அதுல ஒரு பெரியவருக்கு முட்டி வலி, ஒவ்வொரு தடவையும் எறங்கி கைய புடிச்சு எறக்கி விட்டாரு. ரூமும் சுத்தமா இருந்துச்சு. மத்தியானம் பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் நாட்டுக்கோழியும், அதுல குறை சொன்னா நாக்கு அழுகிடும்.

காலைல மொத ஸ்டாப் காசி விஸ்வநாதர் கோயில். 180 அடி கோபுரம், பழசு இடிஞ்சு ரொம்ப காலம் மொட்டையா நின்னு 1990ல தான் இப்ப இருக்குறத கட்டி குடமுழுக்கு பண்ணாங்க. கோபுர வாசல்ல நுழையும்போது காத்து ஆளையே தள்ளுது, அக்காவோட சேலைத் தலைப்பு பின்னாடி வந்த ஒருத்தர் மூஞ்சில போய் விழுந்து ஒரே சிரிப்பு. கூட வந்த சேல்ஸ் தம்பி அந்த இடத்துலயே ஆரம்பிச்சுட்டாரு, "இந்தக் காத்துக்கே காசு குடுக்கலாம் சார்". அப்ப நானும் தலையாட்டுனேன்.

அடுத்து அருவி. வீடியோல "அருவிக் குளியலுடன்"னு போட்டிருந்தாங்க. நாங்க போன அன்னைக்கு மலைல மழை, மெயின் அருவில தண்ணி ஆர்ச்ச தாண்டி கொட்டுது, போலீஸ் கயிறு கட்டி குளிக்க தடைன்னுட்டாங்க. இது அவங்க தப்பு இல்ல, சீசன்ல இது சகஜம், 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் உசுரே போச்சு, அதுக்கப்புறம் கண்டிப்பு ஜாஸ்தி. ஐந்தருவியும் அப்படியே. அத்தான் எண்ணெய் தேச்சுட்டு நின்ன கோலத்துல கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு அருவிய பாத்துட்டு இருந்தாரு பாருங்க, அந்த போட்டோ எங்க ஃபேமிலி குரூப்ல இன்னும் சுத்துது.

அங்க இருந்து சுந்தரபாண்டியபுரம், சூரியகாந்தி தோட்டம். ஆடி ஆவணில அந்த செம்மண் காடு முழுக்க மஞ்சளா இருக்கும், கேரளாவுல இருந்து கார் காரா வந்து நின்னு போட்டோ எடுப்பாங்க, சில தோட்டத்துல உள்ள எறங்க ஆளுக்கு இவ்ளோன்னு வாங்குறாங்க. வாங்கட்டும், அவங்க செடிய மிதிக்கிறோம்ல. இதுலயும் சேல்ஸ் தம்பி விடல, "நம்ம சைட்டும் இதே மண்ணு தான் சார், இதே வியூ". இத்தனைக்கும் இன்னும் சைட்டு கண்ணுலயே படல. யோசிச்சு பாத்தா காலைல இருந்து அவங்க எங்களுக்கு காட்டுன எதுவுமே அவங்களது இல்ல. கோபுரம் பராக்கிரம பாண்டியன் ஆரம்பிச்ச கோயிலோடது, அருவி மலையோடது, பூ யாரோ ஒரு விவசாயியோடது. சோஹோவும் அப்படித்தான், அது 2011ல இருந்து இருக்குறது மத்தளம்பாறைல, தென்காசிக்கு தெக்க. நாங்க போயிட்டு இருந்தது சுரண்டை தாண்டி வடகெழக்க. "20 நிமிஷம்"னாங்க, சைட்டுல நின்னு மேப்ப போட்டேன், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் தான் கம்மி.

சாயங்காலம் மூணு மணிக்கு தான் சைட்டு. இத ஏன் கடைசியா வச்சிருக்காங்கன்னு அப்புறம் தான் புரிஞ்சுது, எல்லாரும் தின்னு, ஆடி, களைச்சுப் போய் நல்ல மூட்ல இருக்குற நேரம், வெயிலும் தாழ்ந்துடும். நிலம் பாக்க அழகா தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கம்பி வேலி, மூலைக்கு மூலை வெள்ளையடிச்ச கல்லு, வரிசையா மா, தேக்கு, செம்மரக் கன்னு, நடுவுல கிராவல் போட்ட 30 அடி ரோடு, தூரத்துல காத்தாலை சுத்துது. சாரல் தான் இல்ல. தென்காசில கண்ணாடிய தொடச்சு தொடச்சு நடந்தோம், இங்க தரை காஞ்சு கெடக்கு, காத்து மட்டும் மண்ண வாரி மூஞ்சில அடிக்குது. விஷயம் ரொம்ப சிம்பிள், மேகம் மலையத் தாண்டும்போதே தண்ணிய கொட்டிட்டு வருது, ஆரியங்காவு கணவாய் வழியா பூந்து வர்ற காத்து மட்டும் கெழக்க போய்ட்டே இருக்கு, அதனால தான் அங்க காத்தாலையா நட்டு வச்சிருக்கான். இலஞ்சி, பண்பொழி, மேக்கரைன்னு மலையடிவாரத்துல நனையுற ஊரு வேற, இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஊரு வேற. ஆனா சென்னைல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டுமே "தென்காசி".

டாக்குமெண்ட் கேட்டேன். "எல்லாம் கிளியர் சார்"ன்னு ஒரு ஃபைல் குடுத்தாரு, உள்ள கலர் பிரிண்ட் லே-அவுட், ஒரு பட்டா ஜெராக்ஸ், பதிமூணு வருஷத்துக்கு ஒரு ஈசி (வில்லங்கச் சான்று). மூலப்பத்திரம் எங்கன்னா ஆபீஸ்ல இருக்குன்னாரு. சர்வே நம்பர் இருந்துச்சு, நமக்கு அது போதும், அங்க நின்னபடியே அரசோட இ-சர்வீஸ் தளத்துல மாவட்டம், வட்டம், கிராமம் போட்டு பட்டாவ எடுத்தேன். அது ஓசி, ஓடிபி ஒன்னு தான் கேக்கும். கூட்டுப் பட்டா, ஏழு பேரு. கம்பெனிக்கு பவர், அதாவது அவங்க சார்பா விக்கிற அதிகாரம், எழுதிக் குடுத்தது மூணு பேரு. மத்த நாலு பேரு எங்க தம்பின்னா, "அவங்க எல்லாம் சொந்தக்காரங்க தான் சார், பேசியாச்சு". பேசியாச்சுன்னா பத்திரத்துல கையெழுத்து ஆயிடுமா? அப்புறம் எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடத்த பெருசு பண்ணி பாத்தா, நாங்க நின்னுட்டு இருந்த 30 அடி ரோடு அதுல ரோடாவே இல்ல. தனி நம்பர், எந்த நிலம் என்ன வகைன்னு சொல்ற அ-பதிவேட்டுல பாத்தா ஓடை புறம்போக்கு. அதாவது ஓடைல கிராவல் கொட்டி அதுக்கு பேரு அவென்யூ. நல்ல மழை ஒன்னு அடிச்சா அக்கா தோட்டத்துக்கு பரிசல்ல தான் போகணும்.

அப்ரூவல் பத்தி கேட்டதுக்கு வந்த பதில தான் ஃப்ரேம் போட்டு மாட்டணும். "இது ஃபார்ம் லேண்ட் சார், மனை இல்ல, அதனால டிடிசிபி, ரெரா எதுவும் தேவையில்ல". மொதல்லது மனைப்பிரிவுக்கு அனுமதி குடுக்குற நகரமைப்புத் துறை, ரெண்டாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். சரி, அப்ப வீடு? "தாராளமா கட்டிக்கலாம் சார், பஞ்சாயத்துல பேசி பிளான் வாங்கித் தர்றோம்". ரெண்டும் ஒரே வாயில இருந்து ஒரே நிமிஷத்துல. 500 சதுர மீட்டருக்கு மேலயோ 8 மனைக்கு மேலயோ போட்டு வித்தா ரெரால பதியணும், அனுமதி இல்லாத மனைய பதியக் கூடாதுன்னு பதிவுச் சட்டத்துல 22-ஏ இருக்கு, அனுமதி இல்லாதத பின்னாடி வரன்முறை பண்றதுக்கும் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைப்பிரிவா இருக்கணும். இதுல எல்லாம் மாட்டாம இருக்கத் தான் மனைங்கற வார்த்தைய தூக்கிட்டு நாலு செம்மரக் கன்ன நட்டு "தோட்டம்"னு விக்கிறது. தோட்டமாவே வச்சுக்கணும்னு நெனைக்கிறவங்க வேற கணக்கு, எங்க அக்கா மாதிரி கடைசி காலத்துக்கு வீடுன்னு நெனைச்சு வர்றவங்களுக்கு இது முழுக்க முழுக்க ஏமாத்து.

இந்த இலவச பத்திரச் செலவையும் சொல்லணும். தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 பர்சென்ட். 10 சென்ட் ஆறரை லட்சம்னா முறையா 58,500 ரூபா ஆகும், அத இவங்க கட்டுறாங்கன்னு தான அக்கா சந்தோஷப்பட்டா. கட்டுறது அதுக்கு இல்ல, அரசு அந்த நிலத்துக்கு குறிச்சு வச்சிருக்குற வழிகாட்டி மதிப்புக்கு. அந்த சர்வே நம்பருக்கு பதிவுத்துறை தளத்துல பாத்தா சென்டுக்கு 8 ஆயிரம் கூட வரல, பத்து சென்டுக்கு 80 ஆயிரம்னே வச்சாலும் செலவு 7,200 ரூபா. பொம்பளைங்க பேர்ல 10 லட்சத்துக்குள்ள வாங்குனா 2025 ஏப்ரல்ல இருந்து பதிவுக் கட்டணத்துல ஒரு பர்சென்ட் கம்மி வேற. நாம ஆறரை லட்சம் குடுக்குறோம், பத்திரத்துல 80 ஆயிரம்னு இருக்கும், மிச்சம் எங்கயும் எழுத்துல கெடையாது, நாளைக்கு வழக்குன்னு வந்தா நாம குடுத்தது 80 ஆயிரம் தான். 2 கிராம் காசு எங்க இருந்து வருதுன்னு இப்ப புரியுதா.

ஆனா எங்க அக்காவ நிறுத்துனது என் பட்டா, வரைபடம் எதுவும் இல்ல. அதெல்லாம் நான் சொல்லச் சொல்ல "நீ எல்லாத்துலயும் நொட்ட சொல்லுவ"ன்னு தான் நின்னா. சைட்டுக்கு வெளிய ரோட்ட தாண்டி நாலஞ்சு வீடு, ஒரு திண்ணைல ஒரு அம்மா மடில சுளக (முறம்) வச்சு பீடி சுத்திட்டு இருந்தாங்க. அக்கா தண்ணி கேட்டு போனா. செம்புல தண்ணி குடுத்துட்டு திரும்ப உக்காந்து எலைய கத்திரியால வெட்டிட்டே, எங்கள நிமிந்து கூட பாக்காம கேட்டாங்க, "இந்த எடம் வாங்கவா வந்திய?" ஆமான்னதும் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. தூளப் போட்டு உருட்டி நூல் கட்டி ஒரு பீடி முடிஞ்சுது. அப்புறம் தான், "அந்தக் கெணத்த சித்திரைல வந்து பாத்தியளா?"

கிணத்துல ஆளுக்கு ஒரு பங்குன்னு ஃபைல்ல போட்டிருந்தான், நாங்க எட்டிப் பாத்தப்ப தண்ணி கெடந்துச்சு. அந்த அம்மா சொன்னது, பங்குனி பொறந்தா அதுல தவளை கூட இருக்காதாம், பக்கத்துக் காட்டுக்காரர் 600 அடி போர் போட்டாராம், "பொகை தாம்மா வந்துச்சு, தண்ணி வரல". சைட்டுக்காரங்க அந்த மரக்கன்னுக்கு எல்லாம் டேங்கர்ல தண்ணி ஊத்துறாங்களாம், வேன் வர்ற சனி ஞாயிறுக்கு முந்தின நாளு. அக்கா தண்ணிய குடிச்சுட்டு செம்ப கழுவி வச்சுட்டு நேரா வேன்ல போய் உக்காந்துட்டா. அந்த நிலத்த ஏக்கர் 25 லட்சத்துக்கு குடுத்தாங்கன்னும் அந்த அம்மா தான் சொன்னாங்க, அதாவது சென்ட் 25 ஆயிரம்.

திரும்புற வழில தான் சேல்ஸ் தம்பியோட சுருதி மாறுச்சு. ஆபீஸ்ல டீ குடுத்து உக்கார வச்சு, "இன்னைக்கு டோக்கன் போட்டா தான் சார் இந்த ரேட்டு, அந்த கார்னர் பிட்டுக்கு இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்". வந்த பன்னெண்டு பேர்ல மூணு குடும்பம் அங்கயே பத்தாயிரம் கட்டுனாங்க. முட்டி வலிக்காரப் பெரியவரும். அவர்கிட்ட மெதுவா சொல்லிப் பாத்தேன், "பையன் சிங்கப்பூர்ல இருந்து பணம் அனுப்பிட்டான் தம்பி, எங்கயாவது போடணும்ல"ன்னாரு. அதுக்கு மேல என்ன பேச. டோக்கன் போடாத எங்களுக்கு ராத்திரி ரூம் இல்லன்னுட்டாங்க, "ரூம் புக்கிங் கஸ்டமருக்கு மட்டும் சார்". காலைல இது யாரும் சொல்லல. டிரைவர் தான் சங்கடப்பட்டு தனக்கு தெரிஞ்ச ஒரு லாட்ஜ்ல எறக்கி விட்டு, குடுத்த காச கூட வாங்க மாட்டேன்னுட்டாரு.

வந்தது வந்தோம்னு ரெண்டு நாள் சொந்தமா தங்குனோம், ஊரு நெஜமா புடிச்சது அப்ப தான். இலஞ்சி குமாரர் கோயில், வாய்க்கால் ஓரமா நடை, பண்பொழி திருமலைக்கோயில் படி (600க்கு மேல, அத்தான் பாதியில உக்காந்துட்டாரு). எங்க போனாலும் ஒரே கேள்வி, "எந்தூரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" யாரு வீட்டுக்கும் வரலன்னா அவங்களுக்கு புரியல. ஒரு டீக்கடை அண்ணாச்சி கிட்ட நிலம் பாக்க வந்த கதைய சொன்னேன், அவரு கவலை வேற மாதிரி. நிலம் வாங்குறவன் எவனும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி குடுக்க வர்றதில்லையாம், ஊர்ல ஒரு சாவுன்னா எட்டிப் பாக்குறதில்லையாம், வேலி போட்டுட்டு ஆடு மேயுற பாதைய அடைச்சுட்டு போயிடுறானாம். "வாங்கினா வந்து இருக்கணும் அண்ணாச்சி, சும்மா பூட்டி வைக்கதுக்கு எதுக்கு எடம்?" எங்கள சொல்ற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. டீ நல்லா இருந்துச்சு.

அந்த சேல்ஸ் தம்பி இன்னும் சனிக்கிழம ஆனா போன் போடுறாரு. ரேட்டு 55 ஆயிரமாயிடுச்சு, காசு 4 கிராம் ஆயிடுச்சு. அக்கா நிலப் பேச்ச எடுக்குறதில்ல. டிரைவர் கிட்ட சொல்லி இலஞ்சி பக்கம் ஒரு சின்ன வீடு வாடகைக்கு பாக்க சொல்லிருக்கா, பங்குனி, சித்திரை, வைகாசின்னு மூணு மாசத்துக்கு. வேணும்னே வெயில் காலமா பாத்து கேட்டிருக்கா. அந்த பீடி சுத்துற அம்மாவுக்கு தாம்பரத்துல இருந்து ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிட்டு போகணுமாம், அப்படியே அந்தக் கிணத்தையும் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வருவேன்னு சொல்லிட்டு இருக்கா.