எட்டரை என்றால் எட்டே முக்கால்: ஒரு ரெக்கார்டரோடு ஒன்பது வருடம்

போன வாரம் பிரிஸ்பேனிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மச்சான், ஆண்டெனாவுல வர்ற சேனலையெல்லாம் ரெக்கார்டு பண்ண உன்கிட்ட ஒரு பெட்டி இருக்கே, அது இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" என்றான். நான் அப்போது சிட்னி வீட்டின் சாப்பாட்டு மேசையில் அதே பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, உள்ளே படிந்திருந்த ஒன்பது வருடத் தூசியை ஊதிக்கொண்டிருந்தேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை.

பெட்டியின் பெயர் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சேனலைப் பிடிக்க இரண்டு ட்யூனர், ஒரு டெராபைட் டிஸ்க், ஏழு நாள் நிகழ்ச்சி நேரங்களைக் காட்டும் கைடு என்று எல்லாம் வழக்கமானதுதான். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பதிவாகிக்கொண்டிருக்கும்போதே முதலிலிருந்து பார்க்கலாம் என்கிற ஒரு வசதிக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது. எட்டரை மணித் தொடரை எட்டே முக்காலுக்குத் தொடங்கி, விளம்பரம் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தித் தாவிக்கொண்டே போனால், ஊரோடு சேர்ந்தே முடித்துவிடலாம். ரிமோட்டில் அந்தப் பொத்தானின் மேல் இருந்த அம்புக்குறி தேய்ந்து மறைந்தே போய்விட்டது. ஒன்பது வருடத்தில் பெட்டி ஒரு நாள்கூடச் சொன்ன நேரத்துக்கு விழிக்காமல் இருந்ததில்லை.

சொன்ன நேரம்தான் சிக்கல்.

ஆஸ்திரேலியாவில் டிவி கைடில் 8.30 என்று போட்டிருந்தால் அது ஒரு விருப்பம், அவ்வளவுதான். வணிகச் சேனல்களில் ஏழரை மணிக்குச் சமையலோ கல்யாணமோ வீடு கட்டுவதோ ஏதாவது ஒரு ரியாலிட்டி போட்டி வாரத்தில் பாதி நாள் ஓடும். கைடின்படி ஒன்பதுக்கு முடிய வேண்டியது ஒன்பதேகாலுக்கு முடியும். கைத்தவறு என்று நம்ப எனக்கு இரண்டு வருடம் ஆசை இருந்தது, இப்போது இல்லை. ஒன்பதேகாலுக்கு முடித்தால் அடுத்த சேனலில் ஒன்பது மணி நிகழ்ச்சி கால்வாசி ஓடியிருக்கும். பாதியில் போய் உட்கார யாருக்கும் மனசு வராது, அதே சேனலிலேயே கிடப்போம். கணக்கு அதுதான். அதற்குப் பின்னால் வரும் நாடகம், செய்தி, படம் எல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும்.

ரியாலிட்டி போட்டிக்கு இந்த நாடே வழிவிட்ட கதையும் உண்டு. 2010 ஜூலை 25 அன்று அப்போதைய பிரதமர் ஜூலியா கில்லார்டும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட்டும் மோதிய தேர்தல் விவாதத்தை, மாஸ்டர்செஃப் இறுதிப் போட்டியோடு மோதாமலிருக்க ஒரு மணி நேரம் முன்னால் இழுத்து மாலை ஆறரைக்கு வைத்தார்கள். பிரதமரே ஒதுங்கிப்போன இடத்தில் என் பெட்டி எம்மாத்திரம்?

இன்னொரு கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். நிகழ்ச்சி அட்டவணையைச் சந்தாவுக்குத் தந்த ஐஸ்டிவி என்ற சிறிய நிறுவனத்தின் மேல் வணிகச் சேனலான நைன் நெட்வொர்க் 2006இல் வழக்குப் போட்டது. எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்கிற தகவலுக்குத் தங்களுக்குப் பதிப்புரிமை உண்டு, அதை எடுத்தாண்டுவிட்டார்கள் என்பது புகார். முதல் நீதிமன்றத்தில் ஐஸ்டிவிக்கு வெற்றி, மேல்முறையீட்டில் நைனுக்கு வெற்றி, கடைசியில் 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் (இந்த நாட்டில் அதுதான் உச்சம்) ஐஸ்டிவி பக்கம் நின்றது. சட்டத்தின் மொழியில் இப்படிப்பட்ட அட்டவணைக்கு 'இலக்கியப் படைப்பு' என்று பெயர். வழக்கில் யார் பக்கம் நியாயமோ, அந்தப் பெயரில் எனக்கு மறுப்பே இல்லை. எல்லாச் சேனல்களையும் சேர்த்தே சொல்கிறேன், இங்கே வெளியாகும் டிவி கைடைப் போலக் கற்பனை வளம் மிக்க இலக்கியத்தை நான் வாசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தார். ஊரில் எட்டரை சீரியலுக்கு எட்டு இருபத்தைந்துக்கே தோசைக்கல்லை இறக்கிவிடுகிற ஆள். இங்கே ஒரு இரவு கடிகாரத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எட்டரைன்னு போட்டுட்டு எட்டே முக்காலுக்கா ஆரம்பிப்பாங்க? நம்ம ஊர் முகூர்த்தமே நேரத்துக்கு நடக்குமேப்பா" என்றார். அப்புறம் சேனல் 2, அதாவது பொதுத்துறைச் சேனலான ஏபிசி பக்கம் போய்விட்டார். ஏபிசியில் விளம்பரம் கிடையாது, ஏறக்குறைய நேரத்துக்கும் வரும். ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் கடிகாரம் புரிகிறதே என்பது அவர் கட்சி.

நேரத்தைக் கூட்டி வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், பெட்டியில் அதற்கு இடம் உண்டு. முடிவுக்குப் பின் அரை மணி கூட்டி வைத்தால், ஒரு ட்யூனர் அந்த அரை மணியும் பழைய சேனலிலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னொன்று. மூன்றாவதாக எதையாவது கேட்டால், 'முரண்பாடு, ஒன்றை நீக்கவும்' என்று திரையில் ஒரு அறிவிப்பு வரும். ஒன்பது வருடமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படித்தான் ஒரு ஜனவரி இரவு பத்து நிமிடம் மட்டும் கூட்டி வைத்தேன். கொலை வழக்கு, கடைசி எபிசோடு, எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை. தாவித் தாவி ஒளிபரப்பை எட்டிப் பிடிக்கப் போகிறேன், இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டார், கதவைச் சாத்தித் திரும்புகிறார். திரை நின்றுபோனது. 'பதிவு முடிந்தது. அழிக்கவா?' நேரலைக்குத் தாவினால் பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பிரிஸ்பேன் நினைவு வந்தது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தும் வழக்கத்தை, பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநில மக்கள் 1992இல் வாக்குப் போட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒன்பது ஐம்பது, அவனுக்கு எட்டு ஐம்பது. அதே எபிசோடு அங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கும், அதுவும் தாமதமாக. போன் செய்து, "தயவுசெஞ்சு முழுசாப் பார்த்துட்டு யாருன்னு சொல்லுடா" என்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "தோட்டக்காரனோட தங்கச்சி. தூங்கு."

இந்தத் தடவை பழுதானது டிஸ்க். திறந்து பார்க்காமலே, சரிசெய்யும் செலவில் புதிதே வாங்கலாம் என்றார்கள் கடையில். நானே ஒரு டிஸ்க் வாங்கி மாட்டினேன், இருபது நிமிட வேலை, ஓடுகிறது. பழைய டிஸ்க்கில் இருந்தது போனது போனதுதான். அதில் சிட்னி மைதானக் கூட்டத்தில் முகத்தில் இளஞ்சிவப்புச் சாயத்தோடு என் மகள் கையாட்டுகிற பதினான்கு விநாடி இருந்தது. பெட்டி பூட்டுப் போட்டே பதிவு செய்யும், கணினியில் திறக்காது. டிவித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

பழைய நிகழ்ச்சிகளுக்கு ஐவியூ, எஸ்பிஎஸ் ஆன் டிமாண்ட் போன்ற செயலிகள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. வணிகச் சேனல்களின் செயலிகளில் விளம்பரத்தைத் தாவ முடியாது, தேய்ந்த அம்புக்குறி அங்கே எதற்கும் உதவாது. ஆனால் கடைசிக் காட்சி இருக்கும். அது சின்ன விஷயமில்லை.

ஆகவே நண்பா, நல்ல பெட்டி, வாங்காதே. நான் புது டிஸ்க் போட்டது என் தலையெழுத்து, அதைப் பார்த்து நீ முடிவெடுக்காதே. மீறி வாங்கினால் முடிவு நேரத்தோடு நாற்பது நிமிடம் கூட்டி வை. பெர்த்தில் தெரிந்தவர் யாரையாவது பிடித்தும் வைத்துக்கொள். உன்னைவிட இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள்.