போதையில் விமானம் ஏறுபவரைப் பணியாளர்கள் கையாளும் விதம்: கிருஷ்ணகிரி, தருமபுரி பயணிகளுக்கு ஒரு சேவை விமர்சனம்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் பெரும்பாலும் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிதான். 2023 அக்டோபரில் சேலம் காமலாபுரத்தில் சேவை மறுபடி தொடங்கியதும் ஓமலூர் வழியாகவும் ஒரு வாசல் திறந்தது. டிக்கெட் விலை, லக்கேஜ் எடை, சாப்பாடு பற்றி விமர்சனம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் மப்பு தலைக்கேறி சலம்ப ஆரம்பித்தால் கேபின் பணியாளர்கள் என்ன செய்வார்கள், அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. நாம் கொடுக்கும் டிக்கெட் காசில் அந்தச் சேவையும் அடக்கம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், தனியாகப் போகும் பெண்களுக்கும் சாப்பாட்டைவிட அதுதான் முக்கியம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கும்போது ஐந்துக்கு நாலு. போர்டிங் கேட்டில் இரண்டரை. தரையிறங்கிய பிறகு இரண்டு.

கேட்டில் ஏன் இவ்வளவு குறைவு? போதையில் இருப்பவரை ஏற்றாமல் நிறுத்தும் உரிமை விமான நிறுவனத்துக்கு இருக்கிறது. ஆனால் கேட்டில் நிற்கும் ஊழியர் ஒரு ஆளைப் பார்ப்பது சில நொடிதான். போர்டிங் பாஸை ஸ்கேன் செய்வதிலேயே அவர் கண் இருக்கிறது. அதோடு சாராயம் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். பார்க்கிங்கில் வண்டிக்குள்ளேயே கடைசி கட்டிங்கை ஒரே மடக்கில் போட்டுவிட்டு உள்ளே போகிறவர், செக்-இன் கவுன்ட்டரில் தெளிவாகத்தான் பேசுவார். அவருக்கு ஏறுவது சீட்டில் உட்கார்ந்த பிறகுதான். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டுகிறவர்களும் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீத சரக்கு என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான். அது முழுதாக இறங்க ஆறு முதல் எட்டரை மணி நேரம் வேண்டும். பெங்களூரு டிராஃபிக் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த நேரம் கிடைக்காது.

கேட்டில் நழுவியவரைப் பிடிக்கும் உண்மையான சோதனை விமானத்தின் கதவில் நடக்கிறது. அங்கே நின்று வணக்கம் சொல்லும் பணிப்பெண் வெறும் மரியாதைக்காக நிற்கவில்லை. பதில் வருகிறதா, நாக்கு குழறுகிறதா, கண் சிவந்திருக்கிறதா, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, வாடை வருகிறதா என்று இரண்டு மூன்று நொடியில் பார்த்து, பின்பக்கம் இருப்பவரிடம் சீட் நம்பரைச் சொல்லிவிடுவார். இதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் கதவு மூடும் முன் கேப்டனிடம் சொல்லி இறக்கிவிடுவதுதான் சரியான முடிவு. அதற்கு ஒரு விலை உண்டு. இறக்கிவிடப்பட்டவரின் செக்-இன் பெட்டியையும் சரக்கறையில் தேடி எடுத்தாக வேண்டும். பெட்டி போய் ஆள் போகாமல் இருப்பது பாதுகாப்பு விதிக்கு விரோதம். தாமதத்துக்குப் பயந்து, தூங்கிவிடுவார் என்ற நம்பிக்கையில் கொண்டுபோகும்போதுதான் பெரும்பாலான தகராறு உள்ளே வருகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி 2022-இல் 568 விமானங்களுக்கு ஒரு தகராறு. 2023-இல் அது 480-க்கு ஒன்றாகிவிட்டது. கதவடியில் கறாராக இருப்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

சேலத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே இறங்கி ஏறுவது ஏடிஆர் வகை சிறு விமானம். 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில், 78 சீட் ஏடிஆரில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் தகராறுக்காரரிடம் மாட்டிக்கொண்டால் மீதி எல்லாருக்கும் ஒருவர்தான். ஆகவே அங்கே சின்ன சந்தேகத்துக்கே இறக்கிவிட்டாலும் குறை சொல்லக் கூடாது.

இனி வானத்தில். உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவது கிடையாது. கொண்டுவந்த பாட்டிலை உள்ளே திறப்பதும் கூடாது, டியூட்டி ஃப்ரீயில் வாங்கி சீல் வைத்த பையாக இருந்தாலும் சரி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போகும் விமானங்களில் நிறுவனத்தைப் பொறுத்துக் கிடைக்கும்; சவுதியா, குவைத் ஏர்வேஸ், ஏர் அரேபியா போன்றவற்றில் அறவே இல்லை.

பரிமாறும் விமானங்களில் பணியாளர்களின் கைத்திறன் தெரிவது, ‘இல்லை’ என்று சொல்வதற்கு முந்தைய கட்டத்தில். மூன்றாவது கிளாஸ் கேட்பவருக்கு உடனே மறுப்பு வராது. ட்ராலி அந்த வரிசைக்குத் தாமதமாக வரும். ஐஸ் அதிகமாகும், கூடவே ஒரு தண்ணீர் பாட்டில் வரும், சாப்பாட்டுத் தட்டு முதலில் வரும். வயிற்றில் சோறு இருந்தால் அடுத்து உள்ளே போகும் சரக்கு ரத்தத்தில் மெதுவாக ஏறும். நிலவரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துப் பார்க்கும் முறையும் உண்டு; 2023 ஜனவரியில் ஏர் இந்தியா தன் மது விதிகளைத் திருத்தியபோது இதைச் சேர்த்தது. சத்தம் கூடி, வெட்கம் குறைந்து, பக்கத்து வரிசையோடு வலியப் பேச ஆரம்பித்தால் மஞ்சள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு, முன் பக்கம் பரிமாறுபவரும் பின் பக்கம் பரிமாறுபவரும் பேசிக்கொள்ளாமல் இருப்பது. முன்னால் இரண்டு வாங்கியவர், டாய்லெட் போகும் சாக்கில் பின்னால் போய் இன்னும் இரண்டு வாங்கிவிடுவார். சீட் நம்பர் போட்டு, கொடுத்ததை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைக்கும் குழுவில் இது நடக்காது. நண்பர்கள் தங்கள் பங்கை அவர் பக்கம் தள்ளுவதை மட்டும் எந்தச் சீட்டும் பிடிக்காது. அதற்குக் கண்தான் வேண்டும்.

இன்னொரு பழைய பழக்கம், தெளியட்டும் என்று கடுங்காப்பி கொடுப்பது. காப்பி போதையை இறக்காது, போதையில் இருப்பவரை விழிக்கத்தான் வைக்கும். தூங்குகிறாரா, தூங்க விடுவதே மேல். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி வந்தால் மூச்சை அடைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இடையிடையே மூச்சையும் கவனிக்க வேண்டும். கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலை மேல் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். ஏற்கனவே ஆக்சிஜன் குறைவு. அதன் மேல் சாராயமும் தூக்கமும் சேர்ந்தால் ரத்தத்தில் இன்னும் குறையும்.

போதை என்று நினைத்தது போதையாக இல்லாமலும் போகலாம். சர்க்கரை திடீரென்று இறங்கினாலும், பக்கவாதம் வந்தாலும் நாக்கு குழறும், தள்ளாடும், கோபம் வரும். நல்ல பணியாளர் சர்க்கரை வியாதி உண்டா, ஊசி போடுகிறவரா, காலையில் சாப்பிட்டாரா என்று முதலில் கேட்பார். கூட வந்தவரிடமும் கேட்பார். இதைக் கேட்காமல் நேராக எச்சரிக்கைக்குப் போகும் குழுவுக்கு என் மதிப்பெண் பாதிதான்.

எச்சரிக்கை கட்டத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும், இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான்கு பேர் சூழ்ந்து நின்றால் குடித்தவருக்கு அது சண்டைக்கான அழைப்பு. குனிந்து கண் மட்டத்தில், தாழ்ந்த குரலில், தொடாமல், பெயர் சொல்லிப் பேசுவதே பலிக்கிறது. மறுப்பைத் தன் மேல் எடுத்துக்கொள்ளாமல் கேப்டன் மேல் போடுவதும் நல்ல உத்தி: “அண்ணா, கேப்டன் சொல்லிட்டாருங்க, இனிமே தர முடியாது. நீங்க கொஞ்ச நேரம் படுங்க.” இந்த வாக்கியத்தில் வாதாட ஆள் இல்லை. இங்கேதான் நம் பக்கப் பயணிகளுக்குப் பெரிய குறை. எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தால், பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ முதன்முறை விமானம் ஏறி வேலைக்குப் போகிறவருக்குத் தன்னைத் திட்டுகிறார்கள் என்று மட்டும்தான் புரியும், சட்டப்படி எச்சரிக்கிறார்கள் என்று புரியாது. தமிழ் தெரிந்த பணியாளர் இல்லையென்றால் தமிழ் தெரிந்த சக பயணி ஒருவரைக் கூப்பிட்டு ஒரு தடவை சொல்ல வைப்பது அரை நிமிட வேலை.

போதையில் டாய்லெட்டுக்குள் போய் பீடியோ சிகரெட்டோ பற்ற வைப்பது தனி ஆபத்து. புகையைவிட, அணைக்காத துண்டைக் குப்பைத் தொட்டியில் போடுவதுதான் பயம். உள்ளே முழுக்கக் காகிதம். அதனால்தான் அந்தத் தொட்டிக்குள்ளேயே தானாக வேலை செய்யும் தீயணைப்புக் குப்பி வைத்திருக்கிறார்கள். அலாரம் அடித்ததும் பணியாளர் ஆளைப் பிடிப்பதற்கு முன் தொட்டியைத் தேடினால் அவர் வேலை தெரிந்தவர்.

வாய் எச்சரிக்கை, பிறகு எழுத்து எச்சரிக்கை, இரண்டும் பலிக்காமல் கை ஓங்கினால்தான் கட்டுவது. கேப்டன் காக்பிட்டை விட்டு வெளியே வரமாட்டார்; உத்தரவு இன்டர்காமில் வரும். இதற்கென்று விமானத்தில் வைத்திருக்கும் பையில் இருப்பது பிளாஸ்டிக் கைவிலங்கும் அதை வெட்டும் கட்டரும். உடல் வலு உள்ள பயணிகள் இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அவசரக் கதவுக்குப் பக்கத்தில் இல்லாத ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துக் கட்டுவார்கள். விலங்குக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். விரல் நீலமானால் தளர்த்த வேண்டும். குப்புறப் போட்டு மேலே உட்காரவே கூடாது, மூச்சு நின்றுவிடும். கட்டிய பிறகு தனியாக விடவும் கூடாது. தரையிறங்கும்போது கட்டர் யார் கையில் என்பதை முடிவு செய்யாத குழு வேலையைப் பாதியில் விட்டது என்று அர்த்தம். அவசரமாக எல்லாரையும் இறக்க வேண்டி வந்தால் அந்த ஆளையும் காப்பாற்றியாக வேண்டுமே.

இதுவரை நாலு மதிப்பெண்ணுக்கு உரிய வேலை. இறங்கிய பிறகு தரம் விழுகிறது, அதிலும் பாதிக்கப்பட்டவரைக் கவனிப்பதில். 2022 நவம்பர் 26-இல் நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியா விமானத்தில் போதையில் இருந்தவர் ஒரு மூதாட்டி மேல் சிறுநீர் கழித்ததாகப் பதிவான வழக்கு இதற்குச் சாட்சி. விமானம் இறங்கிய 12 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம், அவர்கள் கவனத்துக்கு வந்தது 2023 ஜனவரி 4-இல். நிறுவனத்துக்கு 30 லட்ச ரூபாய் அபராதம், கேப்டனின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம் என்று முடிந்தது. பறக்கும்போது குடித்தவரை அடக்குவதற்கு இருக்கும் பயிற்சி, நனைந்த உடையோடு நிற்கும் பெண்ணுக்கு வேறு சீட் தருவதற்கும், அவரைக் கேட்காமல் குற்றவாளியை எதிரே கொண்டுவந்து நிறுத்தாமல் இருப்பதற்கும் இல்லை என்றால் அந்தச் சேவை முழுமை இல்லை.

டிஜிசிஏ 2017-இல் வகுத்த விதிப்படி வாய்த்தகராறும் குடித்து ஒழுங்கீனமும் முதல் நிலை, பறக்கத் தடை மூன்று மாதம் வரை. தள்ளுவது, அடிப்பது, தவறாகத் தொடுவது இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான தாக்குதல், காக்பிட்டுக்குள் நுழைய முயல்வது மூன்றாம் நிலை, குறைந்தது இரண்டு ஆண்டு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தடை பெற்றவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியது: சீட்டுக்கு மேலே இருக்கும் அழைப்பு பட்டனை முதல் சலம்பலிலேயே அழுத்துவது, சீட் மாற்றிக் கேட்பது, தலைமைப் பணியாளர் பெயரைக் குறித்துக்கொள்வது, பக்கத்தில் பார்த்த இருவரின் போன் நம்பரை வாங்குவது. “இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்மா” என்று யார் சொன்னாலும் கதவு திறக்கும் முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தேவனஹள்ளியில் இறங்கினால் விமான நிலையக் காவல் நிலையம் அங்கேயே இருக்கிறது. விமான நிலையத்தைக் காவல் காக்கும் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப், தகராறு செய்த ஆளை ஒப்படைப்பதும் அவர்களிடம்தான். எழுத்துப் புகாரை அங்கே கொடுத்து நகல் வாங்கிக்கொண்டு, அதையே நிறுவனத்துக்கு மெயிலிலும், மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் அன்றைக்கே பதிந்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறலாம்.