திருப்பூர் சாயக்கழிவு: நுண்ணுயிரியா, சவ்வா?

சாயப்பட்டறைத் தண்ணீரில் நிறம்தான் கண்ணை உறுத்தும். ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு. இந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிரி, சவ்வு என்ற இரண்டு முறைகளையும் ஒப்பிட வேண்டிய இடம் அதுதான்.

காற்றூட்டும் தொட்டியில் வளரும் பாக்டீரியாக்கள் ஸ்டார்ச், சோப்பு போன்ற கரிமக் கழிவைத் தின்று தீர்க்கும். செலவு குறைவு, காற்றை ஊதும் ப்ளோயர் ஓடும் மின்சாரம்தான் பெரிது. நிறம் ஓரளவுதான் குறையும். துணியில் சாயம் ஏற கிலோ கிலோவாகக் கொட்டும் உப்போ உள்ளே வந்தபடியே வெளியே போகும். எந்த பாக்டீரியாவும் அதைத் தொடாது. கரைந்த உப்புக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சாயக்கழிவில் அது பல மடங்கு.

அழுத்தத்தில் தண்ணீரை மட்டும் கடத்திவிடும் ஆர்.ஓ. சவ்வு அந்த உப்பைப் பிடிக்கும். தண்ணீர் திரும்பச் சாயமேற்றவே உதவும். ஆனால் சவ்வு ரொம்ப நோஞ்சான்: கரிமக் கழிவு மிச்சமிருந்தால் அடைத்துக்கொள்ளும். உயர் அழுத்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டும். மிஞ்சும் உப்புக்கரைசலை எவாப்பரேட்டரில் (ஆவியாக்கும் கருவியில்) காய்ச்ச வேண்டும். பணத்தை விழுங்குவது அந்தக் கடைசிக் கட்டம்தான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்பதே நிபந்தனை. எனவே அங்கே சவ்வு இல்லாமல் முடியாது. ஆனாலும் முன்னால் இருக்கும் பாக்டீரியாத் தொட்டியில் கஞ்சத்தனம் காட்டினால், மிச்சம் பிடித்த காசு சவ்வு மாற்றுவதிலேயே போய்விடும்.