ஸ்கேன் செய்யக் கைப்பேசி போதும், கோட்டை விடுவது அனுப்பும்போதுதான்

ஓராண்டுக்கும் மேலாக நான் ஸ்கேனர் இயந்திரத்தைத் தேடிப் போகவில்லை. சான்றிதழ், ஒப்பந்தம், ரசீது என எதுவாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியிலேயே வேலையை முடித்துக்கொள்கிறேன். தாளின் ஓரங்களைத் தானே கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகக் கோத்துத் தரும் இந்த வசதிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2017 முதல் நோட்ஸ் செயலிக்குள்ளேயே இதே வசதி இருக்கிறது.

படம் தெளிவாக இருக்குமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். திரை முழுவதையும் தாளே நிறைக்கும்படி எடுத்தால் 12 மெகாபிக்சல், அதாவது ஏறத்தாழ 120 லட்சம் புள்ளிகள் கொண்ட கேமராவுக்கு அது எட்டாத அளவு அல்ல. உண்மையில் படத்தைக் கெடுப்பது வெளிச்சம்தான். தலைக்கு மேலே விளக்கு எரிந்தால் கைப்பேசியின் நிழலும் நம் கையின் நிழலும் நேராகத் தாளின் நடுவில் விழுகின்றன. சன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி, கரிய மேசையின் மீது தாளை வைத்தால் பாதி வேலை முடிந்தது. வெள்ளை மேசை மீது வைத்த வெள்ளைத் தாளின் ஓரத்தை நமக்கே பிரித்தறிவது கடினம் என்னும்போது செயலியைக் குறை சொல்ல முடியாது.

எடுத்த படத்தை வண்ணமாகவோ கறுப்பு வெள்ளையாகவோ மாற்றும் வடிகட்டியைத் (ஃபில்டர்) தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் எழுத்து பளிச்சென்று தெரியும், கோப்பும் சிறிதாகும் என்பதால் எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை நான் அனுப்பிய சான்றிதழ், முத்திரை இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. அசலை எடுத்துப் பார்த்தால் மங்கிய ஊதா நிறத்தில் முத்திரை இருந்தது. நான் தேர்ந்தெடுத்த வடிகட்டி அதைக் கறையோடு கறையாகத் துடைத்துவிட்டிருந்தது. அனுப்புமுன் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அன்று முதல் முத்திரையோ கையொப்பமோ உள்ள தாள் எதுவானாலும் வண்ணத்தில்தான் எடுக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததைப் பலர் கெடுப்பது அனுப்பும் இடத்தில். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுவதால் சிறிய எழுத்துகள் குழம்பிவிடும். அதையே ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். ஜிமெயிலில் இணைப்புக்கான வரம்பு 25 எம்பி என்பதால், வண்ணத்தில் எடுத்த நீண்ட ஒப்பந்தத்தை அனுப்புமுன் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. கோப்புக்குப் பெயர் வைப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: தேதியும் நேரமும் மட்டுமே பெயராக உள்ள ஐந்து கோப்புகளைப் பெறுபவர் எது எதுவென்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கோப்புகளைக் கணினியில் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் அச்சிட்ட தமிழ் எழுத்துகளைத் திருத்தக்கூடிய உரையாகப் பெறலாம். பிழைகள் இருக்கும், ஆனால் முழுவதும் தட்டச்சு செய்வதைவிட எளிது. கையெழுத்துக்கு இதை நம்ப மாட்டேன். தடித்த, கட்டு பிரிக்க முடியாத புத்தகங்களுக்கும் கைப்பேசி சரிவராது; நடுவில் பக்கம் வளைந்து வரிகள் உள்ளே ஓடிவிடுகின்றன.

அடையாள அட்டை போன்றவற்றை அனுப்பிய கையோடு டிரைவிலிருந்து நீக்கிவிடுகிறேன். நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பதால், அங்கும் போய் ஒருமுறை அழிக்க வேண்டியிருக்கிறது.