வெப்காமிக்ஸா, அச்சு காமிக்ஸா: எது நிக்கும்?

அச்சு காமிக்ஸ் செத்துப்போச்சுன்னு வருஷத்துக்கு ரெண்டு பேராவது கருமாதி பண்ணிடறாங்க, ஆனா பொணம் எந்திரிச்சு நடந்துட்டேதான் இருக்கு. நான் ரெண்டையும் படிக்கிறவன். மனசு கொஞ்சம் பேப்பர் பக்கம் சாயும், அத முன்னாடியே சொல்லிடறேன்.

முதல்ல படிக்கிற அனுபவத்த எடுத்துக்குவோம், ஏன்னா உண்மையான வித்தியாசம் இங்கதான் இருக்கு. புத்தகத்துல நல்ல ஓவியர் அதிர்ச்சிய எப்பவும் பக்கத்த திருப்பின உடனே கண்ணுல படற எடத்துல வெப்பாரு, வலது பக்கத்தோட கடைசி கட்டத்துல கதவு லேசா திறக்கும், உள்ள யாருன்னு தெரிய நாமதான் திருப்பணும், அந்த அரை செகண்ட்தான் மொத்த வித்தையும். போன்ல கீழ தள்ளிட்டே படிக்கிற காமிக்ஸ்ல பக்கமே கிடையாது, அங்க நேரத்த காட்டறது காலி இடம். ஒருத்தன் மலையிலேர்ந்து விழறான்னா நாலு ஸ்க்ரீன் நீளத்துக்கு வெறும் வெள்ளைய விட்டுடுவாங்க, நம்ம கட்டவிரல் தள்ளத் தள்ள அவன் விழுந்துட்டே இருப்பான். இத பேப்பர்ல பண்ணவே முடியாது.

காமிக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு காமிக்ஸாவே புத்தகம் போட்ட ஸ்காட் மெக்ளவுட் 2000லயே சொன்னாரு, ஸ்க்ரீன ஒரு பக்கமா பாக்காதீங்க, எல்லையில்லாத ஒரு பெரிய பரப்ப பாக்கற ஜன்னலா நெனைங்கன்னு. ஆனா ரொம்ப வருஷம் பெரும்பாலான வெப்காமிக்ஸ் பத்திரிகையில வர்ற சின்ன காமிக்ஸ் துண்ட அப்படியே ஸ்கேன் பண்ணி போட்ட மாதிரிதான் இருந்துச்சு. கொரியாவுல நேவர்ங்கற இன்டர்நெட் கம்பெனி 2004ல ஆரம்பிச்ச வெப்டூன்ங்கற காமிக்ஸ் தளமும், அப்புறம் எல்லார் கையிலயும் வந்த ஸ்மார்ட்போனும் சேர்ந்துதான் மேலேர்ந்து கீழ படிக்கிற பழக்கத்த உலகம் பூரா கொண்டுபோச்சு. 2013ல எக்ஸ்கேசிடிங்கற வெப்காமிக்ஸ்ல 'டைம்'னு ஒண்ணு வந்துச்சு, ஒரே படம் முதல்ல அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவைன்னு மாறிட்டே இருக்கும், நாலு மாசத்துல மூவாயிரத்துக்கு மேல ஃபிரேம். அடுத்த வருஷம் அறிவியல் புனைகதைக்கு குடுக்கற ஹியூகோ விருதும் வாங்குச்சு. இத எந்த பிரஸ்ல அச்சடிப்பீங்க?

அதே சமயம் ரெண்டு பக்கத்த சேத்து விரிக்கிற போர்க்களக் காட்சி உள்ளங்கை அகல ஸ்க்ரீன்ல வந்தா எறும்புக் கூட்டம் மாதிரிதான் தெரியும். இதுக்கு இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கல.

துட்டு விஷயத்துல வெப் ஜெயிச்சிடும்னு தோணும், அச்சுக்கூலி இல்ல, குடோன் இல்ல, விக்காத பிரதி திரும்பி வர்ற தலைவலி இல்ல. அமெரிக்காவுல காமிக்ஸ் கடைகளுக்கு சப்ளை பண்றதுல பல வருஷம் கிட்டத்தட்ட தனி ராஜாவா இருந்த டைமண்ட் கம்பெனி 2025 ஜனவரியில திவால் மனு போட்டுச்சு, ஒரே தூண்ல வீடு கட்டினா இதான் நிலைமை. ஆனா வெப்ல ஓசியில குடுத்துட்டு சம்பளம் எங்கேர்ந்து வரும்? இங்கதான் வேடிக்கை. 'ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்'ங்கற காமிக்ஸ் முழுக்க நெட்ல இலவசம், 2012ல அதோட பழைய தொகுப்புகள மறுபடி அச்சடிக்க ஜனங்ககிட்ட நிதி திரட்டற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல காசு கேட்டாங்க, பன்னெண்டு லட்சம் டாலருக்கு மேல குவிஞ்சுது. ஓசியில படிச்சவங்களேதான் காசு குடுத்து புக் வாங்கினாங்க! 'கேர்ள் ஜீனியஸ்'ங்கற இன்னொரு காமிக்ஸ் 2005ல தனித்தனி இதழா அச்சடிக்கறத விட்டுட்டு பக்கங்கள நெட்ல இலவசமா போட்டு தொகுப்ப மட்டும் வித்துச்சு. ஜப்பான்லயும் இதே கதைதான், ஷோனென் ஜம்ப்ங்கற வாராந்திர காமிக்ஸ் பத்திரிகை 90கள் நடுவுல 65 லட்சம் பிரதி போச்சு, இப்போ அதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா அவங்களோட ஜம்ப் பிளஸ் ஆப்ல 2019ல ஆரம்பிச்ச 'ஸ்பை ஃபேமிலி' தொகுப்பா அச்சுல வந்து சக்கப்போடு போட்டுச்சு.

அதனால என் கணக்கு இதான்: சாகப்போறது மாசாமாசம் வர்ற ஒல்லி இதழ். குண்டு புத்தகம் எங்கயும் போகாது.

ஆயுசுன்னு வந்தா பேப்பர்தான். மலிவு நியூஸ்பிரிண்ட் மஞ்சளாகும், ஓரம் உதிரும், ஆனாலும் எண்பது வருஷம் கழிச்சு எடுத்து படிக்கலாம். பிரவுசர்ல அசையற படம் காட்ட உதவின ஃபிளாஷ்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல செஞ்ச காமிக்ஸெல்லாம் 2020 கடைசியோட அம்போ, அந்த சாஃப்ட்வேர் மாதிரியே வேலை செய்யற எமுலேட்டர் ஏதாவது தனியா போட்டாத்தான் உண்டு. டொமைனுக்கு பணம் கட்ட மறந்தா பத்து வருஷ உழைப்பு ஒரே நாள்ல காணாம போயிடும். டிஜிட்டல் காமிக்ஸ் விக்கிற காமிக்ஸாலஜிய அமேசான் 2014ல வாங்கி 2023 கடைசியில கிண்டில் ஆப்புக்குள்ள கரைச்சிடுச்சு, நாம காசு குடுத்து வாங்கினதா நெனச்சது படிக்க குடுத்த அனுமதிதான்னு அப்பத்தான் நெறய பேருக்கு உறைச்சுது.

வெப்காமிக்ஸ் பத்தி எனக்கு இருக்கிற பயம் வேற. வாராவாரம் அம்பது அறுவது கட்டம், கலர் வேற, ஒரு வாரம் லீவு விட்டா பிளாட்ஃபார்ம் உங்கள கீழ தள்ளிடுமோங்கற பதட்டம் வேற. மணிக்கட்டு தாங்குமா?

இப்போ கொஞ்ச பேரு பின்னாடி புக்கா போடணுமேன்னு முதல்லயே கட்டங்கள வெட்டி ஒட்டற மாதிரி வரையறாங்க. அதுல விழறவனுக்கு நாலு ஸ்க்ரீன் கிடைக்கறதில்ல, போர்க்களத்துக்கு ரெண்டு பக்கமும் கிடைக்கறதில்ல.