மிட்வேயா, ஹார்னெட்டா?

கலிஃபோர்னியாவில் வடக்கிலிருந்து தெற்கே காரில் இறங்கினால் ஓய்வுபெற்ற விமானம் தாங்கிக் கப்பல்கள் இரண்டைப் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், அலமீடாவில் நிற்பது ஹார்னெட். சான் டியேகோவில் நிற்பது மிட்வே. நடுவே சுமார் 500 மைல். ஒரே பயணத்தில் இரண்டிலும் ஏறி இறங்கினோம். "எல்லாம் கப்பல்தானே, ஒண்ணு போதாதா?" என்று மனைவி கிளம்பும்போதே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பெரியது மிட்வே. 1945 செப்டம்பர் 10 அன்று படையில் சேர்ந்தது. ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டு அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது. பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி. ஆனால் அப்புறம் 47 வருஷம் உழைத்தது. வியட்நாம், 1991 வளைகுடாப் போர் எல்லாம் பார்த்துவிட்டு 1992-இல் ஓய்வு. 2004 முதல் அருங்காட்சியகம். டிக்கெட்டோடு ஒலி வழிகாட்டியும் தருகிறார்கள். மாலுமிகள் அடுக்கடுக்காகப் படுத்த படுக்கைகள், சமையல்கட்டு, சலவைக்கூடம் என்று எண்ணைத் தட்டிக் கேட்டுக்கொண்டே போகலாம். மேல்தளத்தில் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. வயதான தன்னார்வலர் ஒருவர் உள்ளங்கையை விமானமாக்கி, வால் கொக்கி தரையில் கிடக்கும் கம்பி வடத்தைப் பிடிப்பதைச் செய்து காட்டினார். வடம் சிக்காவிட்டால் மறுபடி பறக்க வேண்டும் என்பதால், தளத்தைத் தொட்டதும் என்ஜினை முழு வேகத்துக்கு முடுக்குவார்களாம். பிரேக் போடுவார்கள் என்று நினைத்திருந்த என் பையன் வாயைப் பிளந்தான்.

இந்தத் தளத்தின் பெரிய கதை 1975 ஏப்ரலில், தென்வியட்நாம் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது நடந்தது. புவாங் லீ என்ற தென்வியட்நாம் மேஜர், மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஒரு குட்டி விமானத்தில் அடைத்துக்கொண்டு வந்து தலைக்கு மேலே வட்டமடித்தார். இறங்க இடம் கேட்டுச் சீட்டு எழுதிப் போட்டார். கேப்டன் லாரி சேம்பர்ஸ் ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொல்லி இடம் ஒழித்துக் கொடுத்தார். அந்த விமானத்தில் கொக்கியே கிடையாது. ஆனாலும் பத்திரமாக இறங்கினார். அந்த விமானம் இப்போது ஃபுளோரிடாவில், பென்சகோலா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிட்வேயின் குறை கூட்டம். குறுகலான வழிகளில் முன்னால் ஒரு குடும்பம் நின்றால் நீங்களும் நிற்க வேண்டியதுதான். பார்க்கிங்குக்கும் காசும் பொறுமையும் வேண்டும்.

ஹார்னெட் அப்படியில்லை. நாங்கள் போன காலையில் எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. எண்ணெயும் பழைய பெயின்டும் கலந்த வாசனை. அங்கங்கே துரு. விளக்கப் பலகைகள் குறைவு. பல இடங்களுக்குத் தன்னார்வலர் கூட்டிப் போனால்தான் உண்டு. 1943-இல் படையில் சேர்ந்து பசிபிக்கில் நிஜமாகவே சண்டை போட்ட கப்பல் இது.

இருந்தாலும் என்னைக் கட்டிப்போட்டது போர் இல்லை, விமானங்களை நிறுத்திவைக்கும் ஹேங்கர் தளத்தில் வரைந்திருக்கும் காலடிகள். 1969 ஜூலை 24 அன்று கடலில் விழுந்த அப்பல்லோ 11 வீரர்களை ஹெலிகாப்டரில் தூக்கி இந்தக் கப்பலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். நிலாவிலிருந்து கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற பயத்தில், தலை முதல் கால் வரை மூடிய உடையோடு ஹெலிகாப்டரிலிருந்து ஒரு வண்டிக்குள் நடக்கவைத்துப் பூட்டிவிட்டார்கள். ஜனாதிபதி நிக்சனே கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பேசினார். பூமிக்குத் திரும்பிய பின் அவர்கள் முதலில் நடந்த அந்தச் சில எட்டுகளைத்தான் தரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். பையன் ஒவ்வொன்றிலும் தன் காலை வைத்து நடந்தான். பக்கத்தில் அதே மாதிரி வண்டி ஒன்று நிற்கிறது. அப்பல்லோ 14 வீரர்களை அடைத்து வைத்தது. ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். சில நாள் தனிமைக்கு நம்மூர் வேன் அளவு இடம்!

(நம் பழைய விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் மும்பையில் சில வருஷம் அருங்காட்சியகமாக நின்றது. எங்கே போகப்போகிறது என்று பார்க்காமல் விட்டேன். 2014-இல் உடைக்கக் கொண்டுபோய்விட்டார்கள்.)

சரி, ஒன்றுதான் முடியும் என்றால்? சின்னக் குழந்தைகள், விளக்கம் கேட்கும் பெரியவர்கள் கூட வந்தால் மிட்வே. அரை நாளாவது ஒதுக்குங்கள். நான் தனியாகப் போனால் ஹார்னெட்தான். மிட்வேயில் கப்பலைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஹார்னெட்டில் கப்பலுக்குள் இருந்தேன். அது வாரம் முழுக்கத் திறப்பதில்லை, நாள் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாக் காற்று சில்லென்று அடிக்கும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டுமே சிரமம்தான். படிக்கட்டெல்லாம் ஏணி மாதிரி செங்குத்து. கதவுகளின் நிலைப்படி கணுக்காலுக்கு மேலே நிற்கும், பேச்சு சுவாரசியத்தில் தாண்ட மறந்து நான் இடித்துக்கொண்ட இடம் லாஸ் ஏஞ்சலஸ் வரும்வரை கன்றிப்போய் இருந்தது.