பயோகேஸ் கூலருக்குத் தண்ணீர்: கைவால்வா, தெர்மோஸ்டாட் வால்வா, இன்வெர்ட்டரா?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் நான் ஃபிட்டராக இருந்த செம்பனை ஆலையில், கழிவுநீரிலிருந்து வரும் பயோகேஸைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் ஒன்று உண்டு. அதன் தண்ணீர் வால்வு எப்போதும் முழுதாகத் திறந்தே கிடக்கும். ஒருநாள் உள்ளே போகும் குழாயில் ஒரு கை, வெளியே வரும் குழாயில் ஒரு கை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு. தெர்மாமீட்டர் வைத்தால் 2 டிகிரிதான் வித்தியாசம்.

1,000 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் சுமார் 11.6 கிலோவாட் மணி வெப்பத்தைச் சுமந்து போகும். 2 டிகிரிதான் ஏறுகிறது என்றால் அதே வேலைக்கு ஐந்து மடங்கு தண்ணீர் ஓடுகிறது. சரி, கேஸாவது கூடுதலாகக் குளிர்கிறதா? பெரிதாக இல்லை. வெப்பத்துக்குத் தடை முக்கியமாக கேஸ் பக்கம்தான். தண்ணீரை அள்ளி ஊற்றினாலும் அந்தத் தடை அப்படியே இருக்கும்.

கைவால்வு மலிவு. நெரிப்பதானால், அதாவது ஓட்டத்தைக் குறைக்க வால்வைக் கொஞ்சம் மூடுவதானால், வெளிவரும் பக்கம் நெரிக்க வேண்டும், அப்போதுதான் கூலர் நிரம்பியே இருக்கும். ஆனால் காய் குறையும் மாதத்தில் கேஸும் குறையுமே, யார் போய்த் திருகுவது? ரொம்ப நெரித்தாலும் வம்பு: குழாயில் சேறு படியும், தண்ணீர் சூடேறி உப்பு கட்டும்.

தெர்மோஸ்டாட் வால்வுக்கு மின்சாரமே வேண்டாம். வெளிவரும் தண்ணீரில் ஒரு குமிழ். அதற்குள் இருப்பது சூட்டில் விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். கேஸ் நடமாடும் இடத்தில் ஒயர் இல்லாதது பெரிய நிம்மதி. 40 டிகிரிக்கு வைத்தால் சில டிகிரி முன்பின் ஆடும்; இந்த வேலைக்கு அது போதும். இரண்டு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. முன்னால் ஒரு வடிகட்டி, இல்லையென்றால் தூசி சிக்கி வால்வு மூடாது. அப்புறம், மூடியிருக்கும்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓட ஒரு சிறு பைபாஸ், அதாவது வால்வைச் சுற்றிப் போகும் குழாய். தண்ணீர் நின்றுவிட்டால் குமிழுக்குச் சூடு தெரியாது.

பம்பு மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர்தான் விற்பவர்களின் செல்லப்பிள்ளை. பம்பு வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதி, கணக்கு சரிதான். ஆனால் சூடான தண்ணீரை ஆற்றும் கூலிங் டவரின் உச்சிக்குத் தண்ணீர் ஏற வேண்டிய உயரம் குறையாதே. அதனால் கையில் கிடைக்கும் மிச்சம் அவ்வளவு இருக்காது. எங்கள் பம்பு, ஆலைக்கு மின்சாரம் தரும் டர்பைனின் ஆயில் கூலருக்கும் சேர்த்துத்தான் ஓடியது. “தம்பி, கேஸுக்காக வேகத்தைக் குறைச்சு டர்பைனைக் கொன்னுடாதே,” என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

“நம்ம டர்பைன் கரண்டு சும்மாதானே” என்று சொல்பவர்களும் உண்டு. பயோகேஸ் எஞ்சின் மின்சாரத்தை வெளியே விற்கும் ஆலையில் அந்தப் பேச்சு எடுபடாது. பம்பு தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் விற்க வேண்டிய யூனிட்.

என்னைக் கேட்டால் முதலில் தெர்மோஸ்டாட் வால்வு. ஒரே பம்பு பல கூலர்களுக்குப் போனால், ஒவ்வொன்றிலும் வால்வு போட்ட பிறகே இன்வெர்ட்டர், அதுவும் மெயின் குழாயின் அழுத்தத்தைப் பார்த்து ஓடும்படி. வால்வுகள் மூட மூட அழுத்தம் ஏறும், பம்பு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டர்பைன் ஆயிலுக்கும் தண்ணீர் குறையாது.